புளி ஜாடியில் கிடந்த ரூபாய்

1

நான் போனது ஒரு கல்யாணத்துக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

செங்கல்பட்டில், ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய மண்டபம். பந்தி முடிந்து எழுந்தால் கை கழுவும் இடத்தில் தள்ளுமுள்ளு. மாடியில் ஒரு குழாய் இருக்கிறது, கூட்டமே இல்லை என்று யாரோ சொன்னார்கள். பாயசம் ஒட்டிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன். மாடியில் குழாய் இருந்தது. கூடவே நாணயம் சேகரிப்பவர்களின் மாதக் கூட்டமும் இருந்தது.

நீள மேஜைகள், பூதக்கண்ணாடிகள், தலைகுனிந்த மனிதர்கள். கடைசி மேஜையில் ஷபானா என்று பெயர் அட்டை குத்திக்கொண்ட ஒரு பெண் புதியவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இரண்டு தட்டுகள். ஒன்றில் நாணயச்சாலையிலேயே பிழையாக அச்சடிக்கப்பட்ட காசுகள். இன்னொன்றில் சரியாகப் பிறந்து, வெளியே வந்த பிறகு அடிபட்ட காசுகள்.

"பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். இது பொறக்கும்போதே வந்த குறை. இதுக்குத்தான் மதிப்பு. அது வெளிய வந்து வாங்கின அடி. அதுக்குப் பேரு போஸ்ட் மின்ட் டேமேஜ், சுருக்கமா பி.எம்.டி. அதை யாரும் வாங்க மாட்டாங்க."

அப்போது அறுபதை எட்டிய ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து, தானாகவே இரண்டாவது தட்டில் வைத்தார். ஷபானாவிடம் என்னவோ சொன்னார். அவள் சிரித்தாள். அவருக்குப் பின்னால் நின்ற மனைவியின் முகம் அந்தச் சொல்லைக் கேட்டதும் மாறியது. நான் கை கழுவ வந்ததை மறந்தேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் திரும்பி வரும் மின்சார ரயிலில், கூடுவாஞ்சேரி வருவதற்குள் நானே கட்டியது.

2

முதல் தொடக்கம்:

"மாமல்லபுரத்துக் கடற்கரையில் அலைகள் கரையைத் தழுவித் தழுவித் திரும்பிய அந்த மாலையில், பிரபாவின் மனமும் —"

[அடித்தேன். அலை வந்தாலே என் பேனா தழுவத் தொடங்கிவிடுகிறது.]

இரண்டாவது:

"சரவணகுமாரின் பிழைக் காசுத் தொகுப்பில் ஒன்று மட்டும் பிழையே அல்ல. அந்த ரகசியம் அவருக்கு —"

[துப்பறியும் கதையின் வாடை. தவிர, எதை ஒளிப்பது? உங்களிடம் ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை.]

மூன்றாவது:

"கல்யாணமான முதல் வருஷம், பிரபா புருஷனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்கே போய்விட நினைத்தாள்."

இது இருக்கட்டும். இதிலிருந்து போவோம்.

3

கல்யாணமான முதல் வருஷம், பிரபா புருஷனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்கே போய்விட நினைத்தாள்.

வீடு ஒன்றும் தூரமில்லை. செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில், பஸ்ஸிலிருந்து இறங்கினால் வயல் வரப்பில் கொஞ்சம் நடை. அண்ணன்கள், அண்ணிகள், மாடு, டிராக்டர், எந்நேரமும் யாராவது யாரையாவது கத்திக் கூப்பிடும் வீடு. அங்கிருந்து கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். சரவணகுமார் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஆராய்ச்சி நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. கெட்ட பழக்கம் கிடையாது. சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் பேச மாட்டார். ஷிப்ட் முடிந்து வருவார், சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், தூங்குவார். குழம்பில் உப்பு கூடிப்போனாலும் சொல்ல மாட்டார். சண்டைக்காவது வாயைத் திறக்கட்டும் என்று அவள் ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் ரசம் வைத்தாள். இரண்டாம் முறை வாங்கி ஊற்றிக்கொண்டு எழுந்து போனார்.

(இங்கே அவரைக் கொஞ்சம் கொடுமைக்காரராக ஆக்கிவிட்டால் எனக்குச் சுலபம். ஓர் அறை, ஒரு சுடுசொல். என் வாசகிகள் உடனே பிரபா பக்கம் வந்துவிடுவார்கள். ஆனால் மண்டபத்தில் நான் பார்த்த மனிதரின் கையில் அந்த அறை இல்லை.)

அம்மா வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். பேசாத புருஷன் கிடைக்கத் தவம் செய்திருக்க வேண்டும் என்பார்கள் அண்ணிகள். ஆகவே பிரபா அம்மனிடம் சொன்னாள். பிறந்த ஊரின் எல்லையில் இருக்கும் செல்லியம்மன். ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்தாள். கதிர் போட்ட பழைய செம்பு-நிக்கல் ரூபாய். "தாயே, என்னை இந்த வூட்லேர்ந்து எங்க வூட்டுக்கே கூட்டிக்கினு போயிடு. வந்ததும் உன் உண்டியல்ல போடறேன்."

முடிந்தாயிற்று. எங்கே வைப்பது? சரவணகுமார் தொழில் பழக்கத்தால் வீட்டில் எதையும் திறந்து பார்த்து, இடம் மாறியிருந்தால் சரியாக வைத்துவிட்டுப் போவார். பீரோ ஆகாது. சாமி படத்துக்குப் பின்னால் ஆகாது. ஆம்பளைக் கை நுழையாத இடம் அந்த வீட்டில் ஒன்றுதான்: புளி ஜாடி.*

* புளியைக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறவர்களுக்கு: புதுப் புளி மாசி, பங்குனியில் வரும். வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லுப்புத் தூவி, பீங்கான் ஜாடியில் கையால் அமுக்கி அமுக்கி அடைப்பார்கள். அடியில் பழசு மிஞ்சியிருந்தால் அதன் மேலேயே புதுசு ஏறும். அடிப்புளி வருஷக்கணக்கில் அடியிலேயே கிடக்கும். புளியும் உப்பும் சேர்ந்தால் கறுத்துப்போன பித்தளைக் குடத்தை என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு ரூபாய்க் காசை என்ன செய்யும் என்று யோசிக்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. பிரபாவுக்கும் தோன்றவில்லை.

4

சில வருஷம் போயிற்று. அம்மன் அவசரப்படவில்லை.

ஜாடியில் விரிசல் விட்டதால் ஒருநாள் அடிவரைக்கும் வழித்து எடுக்க வேண்டியதாயிற்று. துணி நூல் நூலாக வந்தது. அதற்குள் இருந்தது அவள் முடிந்த ரூபாயாகவே தெரியவில்லை. செம்பு நிறத்தில் இருந்தது. கைக்கு லேசாக இருந்தது. எழுத்தெல்லாம் அமுங்கி, விளிம்பு மழுங்கி, அளவிலும் ஒரு சுற்றுச் சிறுத்திருந்தது.

பிரபாவுக்குக் குழப்பம். வேண்டிக்கொண்டது நடக்கவில்லை, ஆகவே உண்டியலில் போட முடியாது. நடக்காத வேண்டுதலுக்குக் காணிக்கை போடுகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. சாமிக்கென்று முடிந்ததைச் செலவும் செய்யக் கூடாது. திரும்ப முடிந்துவைக்கலாம் என்றால், அதற்கு மறுபடியும் அந்த வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். அவளுக்கு அன்றைக்கு அது வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. கழுவித் துடைத்து, பிரிட்ஜ் மேல் இருந்த சில்லறைக் கிண்ணத்தில் போட்டாள். பால்காரரோ கீரைக்காரியோ, யார் கையோடாவது போகட்டும்.

சாயங்காலம் சரவணகுமார் பாலுக்குச் சில்லறை எடுக்கப் போனார்.

"பிரபா, இங்க வா. இதைப் பாரு."

இப்படி அவர் கூப்பிட்டதே இல்லை. அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். அவர் காசை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரில் படித்திருக்கிறாராம். நாணயச்சாலையில் அச்சு ஏறாத வெறும் வில்லைகள் மூட்டை மூட்டையாக வருமாம். எப்போதாவது வேறு காசுக்கான செம்பு வில்லை ஒன்று தப்பித்தவறி ரூபாயின் அச்சுக்கடியில் போய் விழுந்துவிடுமாம். பல லட்சத்தில் ஒன்று அப்படி நடக்குமாம். பிறவியிலேயே இப்படி வந்த காசாம். அவர் பேசினார், பேசினார். குழம்பு அடிப்பிடித்தது. அதற்கும் சிரித்தார். இவர் குரல் இப்படி இருக்குமா என்று பிரபா கேட்டுக்கொண்டே நின்றாள்.

எங்கே கிடைத்தது தெரியுமா என்று கேட்டார்.

"பஸ்ல சில்லறை மாத்திக் குடுத்தாங்களோ இன்னாவோ."

கல்யாண வாழ்க்கையில் அவள் அவரிடம் சொன்ன பெரிய பொய் இதுதான். புளியில் கிடந்தது என்று சொன்னால், ஏன் கிடந்தது என்று கேட்பார். அதைவிட முக்கியம், பேச்சு நின்றுவிடும்.

5

இந்தப் பகுதியை நான் மெதுவாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காசுக்குப் பிறகு அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. மாதத்தில் ஒன்று செங்கல்பட்டுக் கூட்டத்துக்கு. மற்றவை மாமல்லபுரத்துக்கு. வெளிநாட்டுப் பயணிகள் தங்கள் ஊர்ச் சில்லறையைச் சங்கு, பாசிமணி விற்கிறவர்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அது எங்கே செல்லும்? சரவணகுமார் அதை மாற்றிக் கொடுப்பார். கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழி முழுக்க "சார் வந்துட்டாரு" என்று குரல் கேட்கும். பேசாத மனிதர் பேரம் பேசுவதைப் பிரபா மாங்காய்ப் பத்தையைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். அப்புறம் மணலில் உட்கார்ந்து, கைக்குட்டையில் காசுகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்வார். மகள் பிறந்த பிறகு அவளும் அந்த மணலில் தவழ்ந்தாள். ஒரு டச்சுக் காசை விழுங்கி இருவரையும் ஆஸ்பத்திரிக்கு ஓடவைத்தாள்.

[டச்சுக் காசை அடிக்கலாமா என்று யோசித்தேன். கதைக்குத் தேவையில்லை. ஆனால் குடும்பங்கள் கதைக்குத் தேவையானதை மட்டும் விழுங்குவதில்லை.]

செங்கல்பட்டுக் கூட்டத்தில் கேசவன் இருந்தார். பஸ் ஸ்டாண்டு அருகே பழைய காசுக் கடை. எந்த நசுங்கின காசையும் பிழைக் காசு என்று சத்தியம் செய்வார். ஒருமுறை தோசை மாதிரி தட்டையான ஐம்பது பைசாவை நீட்டினார்.

"அண்ணாத்த, மின்ட்லயே இப்டி வந்துகீது. சொம்மா பாரு, லட்சத்துல ஒண்ணு."

சரவணகுமார் விரலால் தடவிப் பார்த்தார். "கேசவா, இதை மின்ட்ல அடிக்கல. அரக்கோணம் பாசஞ்சர் அடிச்சிருக்கு."

கூட்டமே சிரித்தது. கேசவன் அசரவில்லை. "அப்போ பாசஞ்சர் பிழைன்னு எழுதி வைய்யி. இன்னா இப்போ?"

சரவணகுமாருக்கு அந்தக் கண் வந்துவிட்டது. இடுக்கியில் வைத்து நெரித்ததா, நெருப்பில் வாட்டியதா, சுத்தியலால் அடித்ததா, தொட்டுப் பார்த்தே சொல்வார். அச்சில் பிறந்த பிழையில் எழுத்து கூராக நிற்கும். பிறகு பட்ட அடியில் எழுத்தும் சேர்ந்தே காயப்பட்டிருக்கும் என்பார். அவர் சொல்லச் சொல்ல பிரபாவும் கற்றுக்கொண்டாள். ஆனால் அந்த முதல் காசை மட்டும் அவர் யாரிடமும் காட்டியதில்லை. பருத்தி வைத்த சின்ன டப்பாவில் தனியாக இருந்தது.

6

இங்கேதான் எனக்குச் சிக்கல்.

இந்த மனிதரை நான் நம்ப முடியாமல் தவிக்கிறேன். பிழைப்பே அளவைச் சரிபார்ப்பது. ஊரார் காசையெல்லாம் தொட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறவர். தன் காசின் எழுத்து மழுங்கியிருப்பதும், மேற்பரப்பு பொரிபொரியாக அரித்திருப்பதும், விளிம்பு தேய்ந்திருப்பதும் அவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? செம்பு வில்லையில் அடித்திருந்தால் எழுத்து பளிச்சென்று நின்றிருக்குமே. எடை குறைவு என்று தராசு சொல்லியிருக்குமே.

"அன்பு கண்ணை மறைத்துவிட்டது" என்று எழுதி —

[அடித்தேன். பொய். அன்பு உள்ளவர்கள்தான் கூர்ந்து பார்ப்பார்கள்.]

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதை நான் கண்டுபிடித்தபோது ரயில் சிங்கப்பெருமாள்கோவிலில் நின்றுகொண்டிருந்தது. பிரபாவுக்கோ இது இன்னும் தெரியாது. அந்தக் காசை அவள் எடுத்துப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது. பார்க்காமல் இருப்பதே அவளுக்கு வசதியாக இருந்தது. வாருங்கள், மண்டபத்துக்குப் போவோம். இந்த முறை அவள் பக்கத்தில் நின்று பார்ப்போம்.

7

சரவணகுமார் ஓய்வு பெற்றாயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கேளம்பாக்கத்தில் மகள் பார்த்துவைத்திருக்கும் பிளாட்டுக்குச் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அன்று காலையில் அவர் பருத்தி டப்பாவைத் திறந்து அந்தக் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைப் பிரபா பார்த்தாள். "இதை இன்னைக்குக் காட்டிடலாம்னு" என்றார். அவ்வளவுதான்.

ஷபானாவின் பாடத்தை அவள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். ரயில் காசு, இடுக்கிக் காசு. அப்புறம் அமிலம். "ஆசிட்ல போட்டா காசு மெலிசாகும், சின்னதாகும், செவப்பாக்கூட ஆகும். மெட்டல் மாறிப்போச்சுன்னு ஏமாந்துடாதீங்க. ஆசிட்னா பாட்டில்ல விக்கிற ஆசிட்தான்னு இல்ல. எலுமிச்சம்பழம், வினிகர், புளி. வருஷக்கணக்குல கெடந்தா போதும்."

பிரபாவின் காதில் அதற்குமேல் எதுவும் விழவில்லை.

அவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கேசவன் நின்றுகொண்டிருந்தார்; அரக்கோணம் பாசஞ்சருக்கு இன்றுவரை பழிவாங்கக் காத்திருப்பவர். அந்தக் காசைப் பிழைத் தட்டில் இவர் வைப்பார். அந்தப் பெண் மரியாதையாகத்தான் எடுத்து அடுத்த தட்டுக்கு மாற்றுவாள். அத்தனை பேர் முன்னால். தடுக்கலாம். தடுத்தால் ஏன் என்று கேட்பார். எந்தப் புளி, எந்த ஜாடி, எதற்கு முடிந்தாய், என்ன கேட்டாய். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எதன்மேல் நின்றன என்று அவருக்குத் தெரிந்துபோகும்.

எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தாள். "இன்னாங்க, வேணாங்க. போலாம் வாங்க."

"ஒரு நிமிஷம்மா."

அவர் குனிந்து, காசை இரண்டாவது தட்டில் வைத்தார்.

ஷபானா அதை எடுத்துப் பார்த்தாள். "சூப்பர் சாம்பிள் சார். என்ன ஆசிட்?"

"புளி" என்றார் சரவணகுமார். "எங்க வீட்டுப் புளி."

8

திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். கூட்டம் முடிந்ததும் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பஸ் கொளவாய் ஏரியைத் தாண்டியது. அப்புறம் அவரே சொன்னார். மூன்றாவது, நாலாவது கூட்டத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டதாம். லென்ஸில் பார்த்தபோது எழுத்துக் குழிவில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்ததாம். மஞ்சள், புளி, உப்பு. கண்டுபிடிக்க ஆராய்ச்சி நிலையம் வேண்டியதில்லை. வேண்டுதல் காசு என்று புரிந்ததாம்.

ஏன் கேட்கவில்லை என்று அவள் கேட்டாள்.

"கேட்டா நீ எந்திரிச்சுப் போயிடுவியோன்னு. அப்பதான் நீ எங்கூடப் பேச ஆரம்பிச்சிருந்த."

பிரபா வெளியே பார்த்தாள். பேச ஆரம்பித்தது அவர் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

"மறு வருஷம் பாப்பா பொறந்தா" என்றார். "அதுக்குத்தான் நீ வேண்டியிருப்பேன்னு நெனச்சுக்கிட்டேன். அம்மனுக்குப் போடாமலே குவார்ட்டர்ஸை விட்டுப் போறது சரியில்ல. இன்னைக்கே போட்டுடுவோம்."

(பிரபா அந்த நேரத்தில் என்ன நினைத்தாள் என்று அரைப் பக்கம் எழுதினேன். எடுத்துவிட்டேன். அவள் எதையும் நினைத்திருக்க முடியாது. ஊர் நிறுத்தம் வந்துவிட்டது.)

வரப்பு இப்போது சிமென்ட் ரோடு. வயலில் பாதி மனைக்கல் நட்டிருக்கிறது. செல்லியம்மனுக்குப் புதுசாக டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். சாயங்காலப் பூஜை முடிந்து பூசாரி நடை சாத்தும் நேரம். சரவணகுமார் செருப்பைக் கழற்றிவிட்டு, காசை அவள் உள்ளங்கையில் வைத்தார். தான் இரண்டடி தள்ளிக் கைகூப்பி நின்றுகொண்டார்.

பிரபா உண்டியல் வரைக்கும் போனாள். கை நீண்டது. வாயருகே நின்றது.

"போடு பிரபா."

"போட முடியாதுங்க."

"ஏன்?"

"நான் வேண்டிக்கினது நடக்கல."

அவர் கைகள் கூப்பியபடியே இருந்தன. அவளையும் பார்த்தார், அம்மனையும் பார்த்தார். கருவிகளைச் சரிபார்க்கும் மனிதர். மகள் பிறந்தாள், ஆனால் வேண்டியது நடக்கவில்லை. கல்யாணமான புதுசு. பேசாத வீடு. ஆம்பளைக் கை நுழையாத ஜாடி. அவருக்குக் கணக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

என்ன வேண்டிக்கொண்டாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டது இதைத்தான்:

"நடக்காம போனது நல்லதா போச்சா, இல்லையா?"

9

என்னிடம் மூன்று பதில்கள் இருக்கின்றன.

ஒன்று: "நல்லதாத்தான் போச்சு" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காசை உண்டியலில் போட்டுவிடுகிறாள். இருவரும் வீட்டுக்குப் போகிறார்கள். என் பழைய வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் நடக்காததற்குக் காணிக்கை போடும் வழக்கம் இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். பிரபா அம்மனை ஏமாற்றுகிறவள் அல்ல.

இரண்டு: முதல் வருஷத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். உப்பில்லாத ரசம் உட்பட. அவர் கேட்டுக்கொள்கிறார். அப்புறம் மௌனமாகிவிடுகிறார். கேளம்பாக்கத்துப் புது பிளாட்டில் அந்த மௌனம் எத்தனை நாள் நீடிக்கும் என்று —

[முடிக்க மனமில்லை. ஆனால் இப்படியும் நடக்கும். நடக்காது என்று உங்களுக்குச் சத்தியம் செய்ய என்னால் முடியாது.]

மூன்று: முந்தானையைக் கிழித்து, அதே காசை மறுபடியும் முடிகிறாள். வேறு ஒன்றை வேண்டிக்கொள்கிறாள். இது அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நல்ல காட்டன் புடவையை யாரும் அப்படிக் கிழிப்பதில்லை.

பூசாரி சாவிக்கொத்தோடு நிற்கிறார். அவருக்குப் பசி. சரவணகுமார் கூப்பிய கையை இறக்கவில்லை. பிரபா அவர் பக்கம் திரும்பிவிட்டாள்; உதடு பிரிந்துவிட்டது.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. நீங்களும் எப்போதோ ஒன்றை வேண்டிக்கொண்டிருப்பீர்கள். அது நடக்காமலே போயிருக்கும். நடக்காத அந்த வீட்டில்தான் இன்றும் உலை வைத்துக்கொண்டிருப்பீர்கள். அதை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், அவர் இரண்டடி தள்ளி நிற்கிறார்.